இரண்டு தட்டும் சமம்

இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை, மேடம். நீங்கள் பேனாவை ஊன்றி எழுதும்போதெல்லாம் என் பக்கம் இறங்குகிறது. அந்தப் பழைய செய்தித்தாளை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். நீங்கள் குனிய வேண்டாம், நானே வைக்கிறேன். ஆடுகிற மேஜை முன்னால் உட்கார்ந்து என்னால் கோர்வையாகப் பேச முடியாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படி ஒரு கோளாறு.

இப்போது சரி. எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை எடையளவு ஆய்வு. இருபத்தாறு வருடமாகக் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறேன். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்தவர்கள், படிக்கல்லின் வயிற்றைக் குடைந்து மரத்தூள் அடைத்தவர்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுண்டுவிரலால் தட்டை அழுத்துகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. மற்ற எடைகளை ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் அலுவலகத்தில் இருக்கிற நிலையெடைகளை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலில் இருக்கிற பிசுக்கே எடையைக் கூட்டிவிடும். துணியால் பிடித்துத்தான் எடுப்பேன். இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் ஒருநாளும் தட்டில் விரல் வைத்தவன் இல்லை.

குழு ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஊர்ப் பொதுவிஷயங்களைப் பேச இணையத்தில் ஓர் இடம், அவ்வளவுதான். தெருநாய், குப்பைத்தொட்டி, பேருந்து நேரம், மேல்வீட்டுக்காரர் நடக்கிற சத்தம். நான்தான் அட்மின். பதினோராயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். இத்தனை பேர் வந்ததற்குக் காரணம் என் விதிதான். ஒரு விஷயத்துக்கு ஆதரவாக ஒரு பதிவு வந்தால், அடுத்ததாக எதிர்ப்புப் பதிவு ஒன்றுதான் வர முடியும். அதற்கப்புறம்தான் மறுபடி ஆதரவு. எல்லாப் பதிவும் என்னிடம் வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றாக நான் அனுமதிப்பேன். கெட்டவார்த்தை இருந்தால் அந்தக் கணமே நீக்கிவிடுவேன். நாய்ச் சண்டையில்கூட யாரும் யார் அம்மாவையும் இழுத்ததில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தச் சட்ட வரைவு வந்தது. உங்களுக்கே தெரியும். திருநங்கை, திருநம்பிகள் தங்கள் பாலினத்தைத் தாங்களே எழுதிக்கொடுத்தால் போதும், மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. அந்தக் காரணம் சொல்லி வீடு மறுக்கக்கூடாது, வேலை மறுக்கக்கூடாது. பொதுமக்கள் கருத்தை அறுபது நாளில் அனுப்பலாம் என்றார்கள். குழுவில் விவாதித்து, கடைசியில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, அந்த முடிவைச் சட்டக்குழுவுக்கு அனுப்புவோம் என்று நான்தான் முன்மொழிந்தேன். எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் நல்லெண்ணமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. இதைக் கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிக்கல் முதல் வாரத்திலேயே வந்தது. ஆதரித்து எழுதியவர்கள் நன்றாக எழுதினார்கள். பக்கத்து வீட்டில் பார்த்தது, தன் பிள்ளைக்கு நடந்தது, பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் போக முடியாமல் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்தது என்று எழுதினார்கள். எதிர்த்தவர்களோ வாயைத் திறந்தால் வசவு. விதிப்படி நீக்கினேன். நீக்க நீக்க, ஆதரவுப் பதிவுகள் முப்பது நாற்பது என்று வரிசையில் நின்றன. எதிர்ப்பக்கம் தட்டு காலி. முறை வராமல் நல்ல பதிவுகள் தேங்கின. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் வெங்காயத் தராசைச் சோதித்துக்கொண்டிருப்பேன், கை தானாகக் கைபேசிக்குப் போகும். வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "காலுக்கு என்னங்க வந்துச்சு? நடக்க முடியாதவ நான் சும்மா உக்காந்திருக்கேன், நீங்க நடக்கிறீங்க" என்பாள் என் மனைவி.

அதனால் ஒரு கணக்கு தொடங்கினேன். பெயர் 'மூன்று பிள்ளைகளின் அப்பா'. மரியாதையாக எழுதுவார். "எனக்கு யார்மேலும் வெறுப்பு இல்லை, கேள்வி மட்டும் கேட்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். பெற்றவர்களின் கவலை, அவசரச் சட்டத்தின் ஆபத்து என்று வாதங்களைக் கண்ணியமாக வைப்பார். ஒரே ஆள் எத்தனை எழுத முடியும்? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஒரு செவிலி, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் என்று கடைசியில் ஏழு பேர் ஆனார்கள். யார் எப்போது என்ன சொன்னார் என்று குழப்பம் வராமல் இருக்க ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் அவர்கள் பேர், வலப்பக்கம் அவர்கள் சொன்னது. தலைமையாசிரியருக்கு முழங்கால் வலி, செவிலிக்கு ஒரே தம்பி என்பதுவரை அதில் இருக்கிறது. இப்போது உங்கள் கையில் இருப்பது அந்த நோட்டுதான்.

இல்லாத ஆட்களை உண்டாக்கியது தப்பு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் தராசைச் சோதிக்கும்போது ஒரு தட்டில் சரக்கு, மறு தட்டில் படிக்கல்தானே வைக்கிறோம்? படிக்கல்லைக் காட்டி 'இது நிஜச் சரக்கா' என்று யாரும் கேட்பதில்லை.

'ஏழாம் மாடி' என்ற பெயரில் எழுத ஒருவர் வந்தது அப்போதுதான். தான் ஒரு திருநங்கை என்று சொல்லிக்கொண்டு எழுதினார். சின்னச் சின்னப் பதிவுகள். வீடு தேடி நாற்பத்தொரு இடம் ஏறி இறங்கியது, கடைசியில் லிஃப்ட் மாதத்தில் பாதிநாள் ஓடாத ஒரு கட்டடத்தில் வேறு யாரும் வேண்டாமென்று விட்ட ஏழாவது மாடி கிடைத்தது. "எனக்கு வீடு குடுத்தது மனுஷங்க இல்ல, ரிப்பேரான லிஃப்ட்" என்று எழுதியிருந்தார். நானே சிரித்துவிட்டேன். யாரையும் திட்டமாட்டார். செவிலி ஒரு பத்தி எழுதினால் அவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். என் ஏழு பேரும் சேர்ந்து அவர் ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அதனால் ஒரு விதி சேர்த்தேன். சொந்த அனுபவம் சொல்கிறவர் அட்மினுக்குச் சான்று அனுப்ப வேண்டும், அது ரகசியமாக வைக்கப்படும். பொதுவான விதிதான். அவர் நேரே கேட்டார், மூன்று பிள்ளைகளின் அப்பா சான்று கொடுத்தாரா என்று. அவரை எனக்கு நேரிலேயே தெரியும் என்று பதில் போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ரெண்டு நாள் கழித்து அனுப்பினார். பழைய பெயரும் பழைய புகைப்படமும் இப்போதைய முகவரியும் உள்ள அடையாள அட்டை, வேலை பார்க்கும் மருத்துவ நிலையத்தின் கடிதம். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எழுந்துபோய் முன்னறையை எட்டிப் பார்த்தேன். அதே தழும்போடு அவர் என் மனைவியின் முழங்காலைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆமாம், எங்கள் வீட்டுக்கு வருகிற பிசியோ அவர்தான். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்தவள், ஊரே அவள் வாய்க்குப் பயப்படும். இடதுபக்கம் விழுந்ததும் பேச்சையும் குறைத்துக்கொண்டாள். வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வருவார். அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வருவார். "தரையைப் பாக்காதீங்கக்கா, என்னைப் பாருங்க. தரை எங்கயும் ஓடிப்போயிடாது" என்பார். ஒருநாள் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். பதினாலு மாதத்தில் முதல் தடவை. நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். நான் கை நீட்டினால் ஓரடி எடுத்து வைக்காதவள், அவர் கை நீட்டினால் ஆறடி வைத்தாள். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம், பேச்சுவாக்கில் சொன்னேன்.

கட்டிலிலிருந்து என் மேஜைக்கு ஒன்பது அடி. நான் அளந்திருக்கிறேன். அவளுடைய கணக்கு ஆறு. அதனால் நோட்டை மேஜையிலேயே வைத்திருந்தேன்.

தெரிந்துகொண்டும் நான் அவரிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ரகசியம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. வழக்கம்போல டீ கொடுத்தேன், சர்க்கரை அரைக்கரண்டி. அவரைப் பற்றிப் பேசும்போது இன்றுவரை 'அவர்' என்றுதான் சொல்கிறேன், கவனித்திருப்பீர்கள். மூன்று பிள்ளைகளின் அப்பா அப்படி எழுதமாட்டார், அது வேறு விஷயம்.

வாக்கெடுப்பு திறந்தது. மூன்று நாள். முதல்நாள் மாலையே எழுபத்தொன்றுக்கு இருபத்தொன்பது. ஆதரவுத் தட்டு கனத்துத் தொப்பென்று இறங்கிவிட்டது. எழுதியவர்களில் பாதிப்பேர் 'ஏழாம் மாடி படித்துதான் மனம் மாறினேன்' என்று போட்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆள் இவ்வளவு பேரைச் சாய்த்தால் அந்தத் தராசில் ஏதோ கோளாறு என்றுதான் என் தொழில் எனக்குச் சொன்னது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை முகம் மழிக்கும்போது பார்த்தேன், குளிக்கப் போகுமுன் பார்த்தேன், குளித்து ஈரக்கையோடு பார்த்தேன். எழுபத்திரண்டு. அலுவலகத்துக்குப் போகாமல் இரண்டு தெரு சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பினேன். சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகித் திருகிப் பிய்த்துவிட்டேன். ஏதாவது செய்தால்தான் உட்கார முடியும் என்ற நிலை.

அன்று காலை பதினொன்று இருபதுக்கு மூன்று பிள்ளைகளின் அப்பா ஒரு பதிவு எழுதினார். ஏழாம் மாடியின் பழைய பெயர், பழைய புகைப்படம், வேலை பார்க்கும் இடம். இப்படிப்பட்டவர் உடம்புக்கு முடியாத பெண்கள் இருக்கும் வீடுகளுக்குள் போய் வருகிறார், வீட்டாருக்குத் தெரியுமா, கேள்வி மட்டும் கேட்கிறேன் என்று முடித்திருந்தார்.

தனிமனிதரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பதிவை இருபத்துநாலு மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கோபத்தில் எழுதியவர் திரும்பப் பெற்றுக்கொள்ள அவகாசம். நான் அந்த விதியை மீறவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் நிறுத்திவைத்தேன்.

அந்த இடைவெளியில்தான் அவர் வந்தார். மறுநாள் காலை பத்து மணி, எப்போதும்போல. அன்று மனைவியை எட்டடி நடக்க வைத்தார். எட்டாவது அடியில் அவள் தள்ளாட, அப்படியே தாங்கிப் பிடித்து, இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தார்கள். "அடுத்த வாரம் பத்துக்கா. நானும் கீழ் வீடா பாத்துக்கிட்டிருக்கேன். ஏழு மாடி ஏறி ஏறி எனக்கே ஒரு பிசியோ வேணும்" என்றார். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் பேசினார். அவர் பேசியதை வரி மாறாமல் சொல்கிறேன்.

"சார், நான் ஒரு விவாதக் குழுவுல இருக்கேன். அங்க அட்மின் ரொம்ப நியாயமானவர். அசிங்கமா பேசுறவங்களையெல்லாம் தூக்கிடுறாரு. அவர் இருக்காரேங்கிற தைரியத்துலதான் எழுதுறேன். நீங்களும் வாங்க சார், உங்களுக்குப் பிடிக்கும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் வேலையை ஒருவர் பாராட்டினால் யாருக்கும் இருக்கும். பார்க்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மணி பதினொன்று பத்து. பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார முடிந்தது. அப்புறம் அனுமதித்தேன்.

பின்னால் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு மருத்துவ நிலையம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. நாலு மணிக்கு வீட்டுக்காரர் சாவியைக் கேட்டார். பதிவின் கீழே கருத்துகள் மழையாகக் கொட்டின. நான் விதிப்படி ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று என்று விட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஒரு கருத்து வந்தது. அதில் அவருடைய முகவரி இருந்தது. கட்டடத்தின் பெயர், கதவு எண், லிஃப்ட் ஓடாது, படியில்தான் ஏற வேண்டும் என்பதுவரை. அப்போது எதிர்ப்புப் பக்கத்தின் முறை. அனுமதித்தேன்.

ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருடத்தில் எந்தத் தராசிலும் முள் அவ்வளவு அழகாக நடுவில் நின்று நான் பார்த்ததில்லை. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் அந்தக் கட்டடத்துக்குள் பதினைந்து இருபது பேர் ஏறியிருக்கிறார்கள். அவர் ஒரு பெட்டியோடு இறங்கி வந்திருக்கிறார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் யாரோ பிடித்து இழுத்தார்கள் என்கிறார்கள், தள்ளினார்கள் என்கிறார்கள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில், முதுகெலும்பு ஓரிடத்தில் முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நடப்பது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம்.

முகவரி யாரிடம் இருந்தது என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அடையாள அட்டை என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்தக் கருத்தைப் போட்டது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆமாம், மேடம், நான்தான். பதிவும் நான், முகவரியும் நான், லிஃப்ட் ஓடாது என்று எழுதியதும் நான். போகிறவர்கள் கீழேயே நின்று ஏமாறக்கூடாதே என்று எழுதியது. படியில் யாரையும் நான் தொடவில்லை. நான் அந்தத் தெருவுக்கே போனதில்லை.

மறுமுறை அவர் வரவேண்டிய நாளில் என் மனைவி ஒன்பதரைக்கே ஷூ மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வேறு ஆளை அனுப்புவார்களாம் என்று சொல்லிவிட்டு நான் ஆய்வுக்குப் போய்விட்டேன். அவள் மருத்துவ நிலையத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். எதிர்முனையில் இருந்த பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, குழுவின் பெயரையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயர் என் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் கேட்டதுதான். எழுந்து நடந்திருக்கிறாள். கையைப் பிடிக்க ஆளில்லை, தாங்க ஆளில்லை. ஒன்பது அடி. இதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

மதியம் நான் வந்தபோது என் நாற்காலியில் என் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. நான் எல்லாவற்றையும் விளக்கினேன், உங்களுக்கு விளக்கிய மாதிரியே, தராசு, முள், சமநிலை என்று. பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எடை இருந்தா தட்டு தாழத்தாங்க செய்யும்" என்றாள். "அதுக்குத்தானே தராசு. ரெண்டு தட்டும் எப்பவும் சமமாவே நிக்கணும்னா, அது காலித் தராசுங்க."

அவளுக்கு என் வேலை எப்போதுமே புரிந்ததில்லை. தபால் நிலையத்தில் இருந்தவள், பாவம். அப்புறம் அவள் உங்களுக்குப் போன் செய்தாள். நான் தடுக்கவில்லை, கதவைக்கூட நான்தான் திறந்துவிட்டேன்.

இப்போது தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். வாசலிலிருந்து அந்த வார்டுவரைக்கும் நீளமான தாழ்வாரம், சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலோடு நடந்தே போகிறாள் என்று உங்கள் காவலர் சொன்னார். கட்டிலருகே உட்கார்ந்து அவருடைய காலைப் பிடித்துவிடுகிறாளாம். என்னை வந்து பார்க்கவில்லை. அதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. யார் பக்கம் நியாயம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தானே போவார்கள் என்று சொல்லப்போனேன். அது வாய்தவறி வந்தது, எழுத வேண்டாம்.

வாக்குமூலம் இவ்வளவுதான். படித்துக்காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குமுன் ஒரே ஒரு வேண்டுகோள், சின்னதுதான். என் கைபேசி உங்கள் மேஜை இழுப்பறையில் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. காலையிலிருந்து எனக்கு அது கேட்கிறது. அது குழுதான். ஏழாம் மாடி சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று கைபேசியை உங்களிடம் கொடுக்கும்வரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதி அனுப்பியிருந்தார்கள், எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஒன்றைக்கூட வெளியே விட முடியவில்லை. மறுபக்கம் எழுத அதுவரை ஒருவர்கூட வரவில்லை. கைபேசியைப் பத்து நிமிடம் கொடுத்தீர்கள் என்றால், அந்த இன்னொரு பக்கத்தை நானே எழுதிவிடுவேன்.